முப்பத்தொன்பது குன்னிமுத்து

காசும் கொடுத்து பிள்ளையை அனுப்பி, அந்தப் பிள்ளை இங்க வந்து பயறு உரிச்சிட்டுப் போவுதுன்னா எனக்குச் சிரிப்பு வராதா? சுப்ரியா டீச்சரிட்ட மூஞ்சிக்கு நேரே கேட்டேன். "டீச்சரே, எங்க ஊர்ல அடுக்களையில கிடக்கிற பிள்ளை இதெல்லாம் சும்மாவே செய்யும். மாவு பிசையும், தண்ணி கோரி ஊத்தும், தூத்து வாரும். இதுக்கொரு பள்ளிக்கூடம் வேணுமா?"

சுப்ரியா கோபப்பட மாட்டா. வலியசாலை அக்ரஹாரத்துல பிறந்த பொண்ணு. பெங்களூர்ல இருந்த கம்பெனி வேலையை விட்டுட்டு வந்து, அப்பா அம்மா காலம் கழிஞ்சு பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து 'தளிர்'னு போர்டு வச்சவ. ஒண்ணரை வயசுல இருந்து மூணரை வயசு வரைக்கும் பதினொரு பிள்ளைகள். காலையில எட்டரைக்குக் கொண்டு விடுவாங்க, சாயங்காலம் நாலரைக்கு மேல வந்து கூட்டிட்டுப் போவாங்க.

"ராஜபாய், உங்க ஊர்ல கொழந்தையை அடுக்களைக்குள்ள விடறா. இங்கே ஃபிளாட்ல எல்லாரும் கையில ஃபோனைக் கொடுத்து உக்காத்தி வெச்சுடறா. கொழந்தைக்கு மூளையே கையிலதான் இருக்கு. தொட்டு, தூக்கி, கொட்டி, அள்ளினாத்தான் உள்ள ஏறும். நீங்க வாயால ஆயிரம் சொன்னாலும் ஏறாது. ஒரு கொழந்தைக்கு என்ன தெரியும்னு பாக்கணுமா? கேக்காதீங்கோ. கையில கொடுத்துப் பாருங்கோ."

"அது சரி, உங்க மூளை எல்லாம் வாய்லயாக்கும்"னு நான் சொல்ல, அவ விழுந்து விழுந்து சிரிச்சா. நல்ல பொண்ணு. இப்பவும் அதைத்தான் சொல்லுவேன்.

எனக்கு அங்க சமையக்காரி வேலை. காலையில ராகிக் குறுக்குக் கூழு, பத்தரைக்கு ஏத்தன் வாழைப்பழம் புழுங்கினது, மத்தியானம் சோறு, பருப்பு, ஒரு மெழுக்குவரட்டிப் பொரியல், பப்படம். என்கூட வேலைக்கு நின்னது செல்வமணி. பேருக்குத்தான் ஆயா. மூக்கு துடைக்கியது முதல் பாடம் நடத்துறது வரைக்கும் பாதி வேலை அவளுக்க தலையிலதான் விழும். முப்பது வயசு, நாகர்கோவில் பக்கத்துக்காரி. புருசன் உச்சிமாகாளி சாலைக் கடைத்தெருவுல ஒரு தங்கப் பட்டறையில பணி செய்யான். மகன் பிரஜினுக்கு மூணு வயசு. அவனையும் தூக்கிட்டே வருவா. தளிர்ல அவனும் ஒரு பிள்ளை.

பின்ன, வைகா. ரெண்டே முக்கால் வயசு. கன்னம் ரெண்டும் அப்பம் போல உப்பி இருக்கும். அம்மை சுஜா போனக்காடு எஸ்டேட் லயத்துல பிறந்தவ. தேயிலை கிள்ளின குடும்பம். இப்போ சுஜா டவுனுக்கு இறங்கி ஒரு துணிக்கடையில சேல்ஸுக்கு நிக்கா. நாள் முழுக்க நின்னு கால் நரம்பெல்லாம் முடிச்சு விழுந்து கிடக்கும். புருசன் வேலப்பன் மஸ்கட்ல ஹோட்டல் வேலை. செல்வமணியும் சுஜாவும் ஒரே காம்பவுண்டுல, சுவரோடு சுவர் ஒட்டின வீடு. செல்வமணிதான் டீச்சரிட்ட கெஞ்சி, பாதி ஃபீஸுக்கு வைகாவைச் சேர்த்து விட்டா. "எனக்க பிள்ளை மாதிரி பாத்துக்கிடுவேன்"னு சுஜாவுக்கு வாக்கு கொடுத்ததுக்கு நானே சாட்சி.

தளிர்ல ரெண்டு சட்டம் உண்டு. ஒண்ணு, தட்டுல எத்தனை சாமானம் வச்சோமோ, எடுக்கும்போது அத்தனையும் இருக்கணும். புளியங்கொட்டைன்னா புளியங்கொட்டை, பித்தான்னா பித்தான். எண்ணி வச்சு எண்ணி எடுக்கணும். ரெண்டாவது, தின்ன உக்காந்தா முதல் வாய் பக்கத்துப் பிள்ளைக்கு. தனக்கு எடுக்கதுக்கு முன்னால அடுத்ததுக்கு ஊட்டணும். நான் முதல்ல அதையும் பழிச்சேன். ஆனா பதினொண்ணும் வட்டமா உக்காந்து, துண்டு பழத்தை எடுத்து, குறி தெரியாம பக்கத்துப் பிள்ளைக்க மூக்குலயும் தாடையிலயும் தேய்க்கியதைப் பாத்தா கண்ணு நிறைஞ்சு போவும். அதுல பிரஜின் கெட்டிக்காரன். செல்வமணி அவனை வீட்டிலயும் பழக்கி வச்சிருந்தா. அவன் 'ஆ' காட்டுன்னு சொன்னா எந்தப் பிள்ளையும் வாயைத் திறந்திடும்.

குருவாயூர் கோயில் நடையில ஒரு உருளி நிறைய குன்னிக்குரு, அதான் குன்றிமணி, போட்டு வச்சிருக்கும், பிள்ளைகள் கைவிட்டு வாரும். அதுபோல சுப்ரியாவும் ஒரு சின்ன வெண்கல உருளி வாங்கி, சிவப்பும் கறுப்புமா குன்னிமுத்து நிரப்பி வச்சா. மூணு வயசு பக்கத்துல உள்ளதுகளுக்கு மட்டும், அதுவும் பெரியவங்க ஒருத்தர் கூடவே இருந்து. பிள்ளைகள் முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக் கிளறும். சலசலன்னு அந்தச் சத்தம் கேக்க நல்லா இருக்கும்.

"விழுங்கிச்சுன்னா?"ன்னு செல்வமணி கேட்டா.

நான்தான் பதில் சொன்னேன். "விழுங்கினா மறுநாள் பின்னால வந்திடும் போடி. நான் சின்னதுல எத்தனை விழுங்கியிருக்கேன்!" சத்தியம்தான். எங்க ஊர்ல குன்னிமுத்து விழுங்காத பிள்ளை உண்டா?

கர்க்கடகம் பிறந்து ஆடி மழை பிடிச்ச நேரம். ஆகஸ்டுல பெற்றோர் நாள் வச்சிருந்தா சுப்ரியா. அதுக்குப் பிள்ளைகள் என்னென்ன செய்யும்னு காட்டணும். மரமணி கோக்கிற வேலை ஒண்ணு உண்டு. களிமண்ணுல தென்னை ஈர்க்கிலைக் குத்தி நிறுத்தி, ஓட்டை உள்ள மணியை ஒவ்வொண்ணா அதுல இறக்கணும். மரமணி எல்லாம் பெருசு, பிள்ளைகளுக்கு அது சலிச்சுப் போச்சு. "இன்னும் பொடிசா ஏதாவது இருந்தா விரலுக்கு நன்னா வேலை இருக்கும்"னு சுப்ரியா ஒரு நாள் சொன்னா. சும்மா சொன்னதுதான். செல்வமணி அதை மனசுல வாங்கிட்டா.

திங்கக்கிழமை காலையில ஒரு சின்ன டப்பாவோட வந்தா. திறந்தா நாப்பது குன்னிமுத்து. ஒவ்வொண்ணுலயும் நடுவுல வட்டமா, அழகா ஒரு ஓட்டை. உச்சிமாகாளி பட்டறையில வேலை முடிஞ்சு இருந்து, மோதிரத்துல கல்லு பதிக்கத் துளை போடுத மிஷின்ல ஒண்ணொண்ணாப் போட்டிருக்கான்.

"பிரமாதம் செல்வமணி!" சுப்ரியா கையில எடுத்து எடுத்துப் பாத்தா. "உங்க ஆத்துக்காரர் கை தங்கக் கைன்னா! ஈர்க்கில் கச்சிதமா நுழையறதே!"

செல்வமணிக்கு முகம் நிலாவாட்டம் ஆயிட்டு. நானும் எடுத்துப் பாத்துட்டு, "கொள்ளாம்டி, நல்லாருக்கு"ன்னேன். மூணு பொம்பளைகள், மூணு பேருக்கும் அந்த நிமிசத்துல ஒண்ணும் தோணல. முழு முத்துல மேல உள்ள கெட்டித் தோடுதான் காவல், துளை போட்டா காவல் போச்சுன்னு ஒருத்திக்கும் தெரியல. எனக்கு வயசு அம்பத்தி நாலு. என்ன பிரயோஜனம்?

செவ்வாக்கிழமை நல்ல மழை. முற்றத்துல தண்ணி கட்டி நின்னுது. சுப்ரியா பதினொரு மணிக்கு லைசென்ஸ் விசயமா ஒரு ஆபீஸ்ல மீட்டிங்குன்னு கார் எடுத்துட்டுப் போனா. பிள்ளைகள்ல நாலு சுகமில்லாம வரல. சின்னதுகள் உறங்குது. பெருசுகள்ல பிரஜின், வைகா, பிரணவ், மூணையும் ஜன்னலோரம் உக்காத்தி, செல்வமணி களிமண்ணும் ஈர்க்கிலும் கொடுத்து, டப்பாவில இருந்து எண்ணிப் போட்டா. நாப்பது.

கொஞ்ச நேரம் கழிஞ்சு பிரணவ் நிக்கரை நனைச்சிட்டான். செல்வமணி அவனைத் தூக்கிட்டு குளிமுறிக்குப் போனா. கழுவி, துடைச்சு, வேற நிக்கர் மாட்டிட்டு வர அஞ்சு நிமிசம். அவ்வளவுதான். அப்போ மணி பதினொண்ணே கால் இருக்கும். நான் அடுக்களையில பப்படம் பொரிச்சிட்டு நின்னேன். ஜன்னலோரம் பிரஜினும் வைகாவும் மட்டும்.

பதினொண்ணே முக்காலுக்குத் தட்டை எடுத்து எண்ணினா. முப்பத்தொன்பது.

"அக்கா, ஒண்ணு குறையுது."

"பாய்க்கு அடியில பாரு."

பாயை உதறினா. களிமண்ணைப் பிசைஞ்சு பாத்தா. பிள்ளைகளுக்க சட்டைப் பை, காலுக்க அடி, ஜன்னல் படி எல்லாம் பாத்தா. நானும் தூத்துவாரியல எடுத்துக் கூட்டிப் பாத்தேன். ஒரு பித்தான் கிடைச்சுது, ஒரு காய்ஞ்ச சோத்துப் பருக்கை கிடைச்சுது. குன்னிமுத்து இல்ல.

"அவரு நாப்பதுதான் போட்டாரான்னு கேக்கட்டா?"ன்னு ஃபோனை எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டு, மறுபடியும் எண்ணத் தொடங்கினா. அப்போ சரியா பன்னெண்டு மணி. பக்கத்து வீட்டு டிவியில நியூஸ் மியூசிக் கேட்டுது.

"நாப்பதுதான், நான் எண்ணித்தான் தந்தேன்"னான் உச்சிமாகாளி. "எதுக்குக் கேக்க? ஏ, எனக்கு இந்தக் கண்ணு வேலைக்கே ஆவல பாத்துக்க. காலையில இருந்து வீங்கி மூடிப் போச்சு. அந்தத் தூசி பட்டதுதான். நம்ம மூத்தாசாரி என்னை ஏசிக்கிட்டு இருக்காரு. 'குன்றிமணியில துளை போட்டியா, கோட்டிக்காரப் பயலே? முழுசா இருக்கிற வரைக்கும்தாம்ல அது மணி. உள்ள உள்ளது விசம். அந்தக் காலத்துல ஆவாத ஆள் வீட்டு மாட்டைக் கொல்ல இதைத்தான் அரைச்சு ஊசி பண்ணிக் குத்துவானுவ'ன்னு சொல்லுதாரு. நீ அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காத என்ன? நான் டீச்சர் அழகுக்கு வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

ஃபோன் செல்வமணி கையில அப்படியே இருந்துது. அந்தப் பக்கம் அவன் "ஏ, கேக்கா? ஏ செல்வமணி"ன்னு கூப்பிட்டுட்டே இருந்தான். நான்தான் வாங்கிக் கட் பண்ணினேன்.

அடுத்த நிமிசம் அவ செய்ததை நான் கண்ணால கண்டேன். பிரஜினைத் தூக்கிட்டு குளிமுறிக்கு ஓடி, தொண்டையில விரலை விட்டா. அவன் காறிக் காறி, பழம், குறுக்கு எல்லாம் கக்கினான். அவ அந்தக் கக்கலைக் கையால கிளறிப் பாத்தா. சிவப்பா ஒண்ணும் இல்ல. அவனைத் திருப்பி வாயை மோந்து பாத்தா, பல்லைப் பாத்தா. பின்ன அவனை நெஞ்சோட சேத்துக்கிட்டு ஈரத்தரையில உக்காந்து, "எனக்க பிள்ளை திங்கல அக்கா, திங்கல"ன்னு அழுதா.

"வைகா?"ன்னு நான் கேட்டேன்.

வைகாவை மடியில உக்காத்தி வச்சுக் கேட்டா. "மக்களே, சிவப்பு முத்தை வாய்ல போட்டியா?"

"உம்."

"முட்டாய் தின்னியா?"ன்னு நான் கேட்டேன்.

"உம்."

"ஆனையைத் தின்னியா?"

"உம்"னு சொல்லிச் சிரிச்சுது. அந்தப் பிள்ளை எல்லாத்துக்கும் உம்தான் சொல்லும்.

"அவளையும் கக்க வச்சுப் பாரு"ன்னு நான் சொன்னேன். சொன்னேன், அது உண்மை. செல்வமணி விரலைக் கொண்டு போயிட்டு, இழுத்துக்கிட்டா. "அடுத்தவ பிள்ளை அக்கா. தொண்டையில நகம் பட்டு ரத்தம் வந்தா சுஜாட்ட என்ன சொல்லுவேன்? எதுக்கு வாந்தி எடுக்க வச்சேன்னு கேட்டா என்ன சொல்ல? டீச்சரைக் கூப்பிடட்டா? கூப்பிட்டா, ஆரு துளை போட்டதுன்னு வருமே. அவரைப் போலீஸ் கொண்டு போயிருமே. பட்டறையில இருந்தும் விரட்டிருவாங்களே. அக்கா, நான் என்ன செய்யட்டும்?"

அவ என்னைக் கேட்டா. அதுதான் விசயம். அவளுக்கு வெப்ராளம், நல்லது கெட்டது தெரியாத நிலை. என்னைக் கேட்டா. நான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுதவ. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பொறுடி. ஆசாரிமாரு அப்படித்தான் பயம் காட்டுவாங்க. முத்து எங்கயாவது உருண்டு தண்ணி போற ஓவுக்குள்ள போயிருக்கும். பிள்ளை பாரு, குத்துக்கல்லு மாதிரி இருந்து விளையாடுது. சும்மா பீதியைக் கிளப்பாத. சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

வைகாவுக்கு நானே சோறு ஊட்டினேன். நல்லாத் தின்னுது. பப்படம் ரெண்டு கேட்டு வாங்கித் தின்னுது. "பாத்தியா? விசம் தின்ன பிள்ளை இப்படித் திங்குமா?"ன்னு செல்வமணிக்குக் கண்ணைக் காட்டினேன். அவ ஒரு வாய் இறக்கல.

பிள்ளைகள் உறங்கினப்போ மழை ஓட்டுல இறங்கிச்சு. செல்வமணி வைகாவுக்குப் பக்கத்துல உக்காந்து அதுக்க வயித்தையே பாத்துட்டு இருந்தா. மூச்சு ஏறி இறங்குது. அவ ஒருக்க ஃபோனை எடுப்பா, கீழ வைப்பா. நான் பாத்திரம் விளக்கினேன். தேங்காய் துருவினேன். வேலை இல்லாதப்போ வேலை உண்டாக்கினேன். எனக்கும் உள்ள கிடந்து அடிச்சுது. ஆனா சொன்ன சொல்லை மாத்த எனக்கு எப்பவுமே வராது, சனியன் பிடிச்ச குணம்.

மூணு மணிக்குப் பிள்ளைகள் எழும்பிச்சு. செல்வமணி அடுக்களைக்கு வந்தா. முகம் காய்ஞ்சு கிடந்துது.

"அக்கா, வன்பயறு வேவிச்சது இருக்கா?"

"நாலு மணிக்குக் கொடுக்க வச்சிருக்கேன். எதுக்கு?"

"கேக்காத, கையில கொடுத்துப் பாருன்னு டீச்சர் சொல்லுவாங்கல்லா."

எனக்குப் புரிஞ்சுது. வெந்த வன்பயறு, சிவப்பா, அளவும் ஏறக்குறைய அதேதான். அதே தட்டுல போட்டு, அதே ஜன்னலோரம், அதே பாயில பிரஜினையும் வைகாவையும் உக்காத்தினா. களிமண், ஈர்க்கில் எல்லாம் காலையில வச்ச மாதிரி. "விளையாடுங்க மக்களே"ன்னு சொல்லிட்டு எழும்பிப் போற மாதிரி கதவுக்குப் பின்னால வந்து நின்னா. நானும் அவ தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன்.

பிரஜின் ஒரு பயறை எடுத்து ஈர்க்கில்ல குத்தினான். ரெண்டாவதைக் குத்தினான். மூணாவதை எடுத்துப் பாத்தான். பின்ன திரும்பி, நல்ல மரியாதைக்காரன் மாதிரி, "ஆ காட்டு"ன்னான். வைகா ஆ காட்டிச்சு. அவன் நாக்குல வச்சான். அது வாயை மூடி, கன்னத்தை ஆட்டி ஆட்டி மென்னுச்சு. காலையில செய்த வேலையை மறுபடி செய்த மாதிரிதான் ரெண்டும் இருந்துது. ஒரு தயக்கமும் இல்ல.

செல்வமணி பாய்ஞ்சு போய் வைகாவை வாரித் தூக்கினா. செருப்பு இல்ல, குடை இல்ல. "ஆட்டோ, ஆட்டோ"ன்னு மழையில ஓடினா. தெரு முனையில சுப்ரியாவுக்க கார் திரும்பி வருது. அவ வண்டியைப் பாதியில நிறுத்தி, கதவைத் திறந்து, "என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. செல்வமணி உள்ள ஏறிக்கிட்டே, "தின்னுட்டு டீச்சரே, முத்தைத் தின்னுட்டு, மென்னு தின்னுட்டு"ன்னா. கார் போச்சு. பக்கத்து வீட்டு கோமதியம்மாள் வந்து மத்த பிள்ளைகளைப் பாத்துக்க, நான் பிரஜினையும் பிரணவையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் பின்னால போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில பிரஜினுக்கும் பிரணவுக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. வைகாவை உள்ள கொண்டு போனாங்க. சின்ன வயசு டாக்டரம்மா, மலையாளத்துல நிறுத்தி நிறுத்திச் சொன்னா. இந்த விசத்துக்கு மறுமருந்து கிடையாது. தின்ன ஒரு மணிக்கூர், ஒண்ணரை மணிக்கூருக்குள்ள கொண்டு வந்திருந்தா கரி கொடுத்து வயித்துல உள்ளதை உறிஞ்ச வச்சிருக்கலாம். நாலு மணிக்கூர் கழிஞ்சு போச்சு. இனி உடம்பு தாங்குதான்னு பாக்கணும், மூணு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும். சுஜா கடை யூனிஃபார்மோட, கழுத்துல அளவு டேப்போட வந்து நின்னு இதெல்லாம் கேட்டா.

நான் மனசுல கணக்குப் போட்டேன். பதினொண்ணே கால். பன்னெண்டு மணி. தளிர்ல இருந்து ஆஸ்பத்திரிக்குக் கார்ல இருபது நிமிசம். எத்தனை தடவை போட்டாலும் அந்தக் கணக்கு ஒண்ணரை மணிக்கூருக்குள்ளதான் வந்துது.

அன்னைக்கு சாயங்காலமே போலீஸ்காரர் ஒருத்தர் வந்து எழுதினார். செல்வமணி சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. சுப்ரியா முன்னால போய், "என் ஸ்கூல்ல நடந்தது. அந்த மணியைப் பாத்து சரின்னு சொன்னது நான்தான். துளை போடச் சொன்னதும் நான்தான். வேற யாருக்கும் இதுல சம்மந்தம் இல்லை"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா. உச்சிமாகாளி பேரே அவ வாயில வரல. பன்னெண்டு மணிக்கே கூப்பிட்டிருந்தாலும் இந்தப் பொண்ணு இதையேதான் சொல்லியிருப்பா. எதுக்குப் பயந்து இருந்தோமோ அது அங்க இல்லவே இல்ல.

புதன்கிழமை வைகா வாந்தி எடுத்துச்சு. மத்தியானத்துக்கு மேல வயித்தால போச்சு, அதுல ரத்தம். வியாழக்கிழமை காலையில ஈரலுக்குக் கேடு தட்டிட்டுன்னு சொன்னாங்க. ஐசியுவுக்குள்ள அம்மையை மட்டும் நாளைக்கு ரெண்டு தடவை விடுவாங்க. வேலப்பனுக்கு டிக்கெட் வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைச்சுது. அதனால சுஜாவுக்கு நாங்கதான் ஆளு. செல்வமணி வீட்டுக்குப் போவல. அவதான் சுஜாவுக்கு முடி கட்டி விட்டா, சாயாவை வாய்க்குக் கொண்டு போய்க் குடிக்க வச்சா, மருந்துச் சீட்டைத் தூக்கிட்டு மாடிக்கும் கீழுக்குமா ஓடினா. பாக்குறவங்க எல்லாம் கூடப் பிறந்தவன்னுதான் நினைச்சாங்க.

வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாங்க மூணு பேரும் வராந்தா பெஞ்சில இருந்தோம். சுஜா நடுவுல. ரெண்டு நாளா அழுது தீந்த பிறகு அவ பேசத் தொடங்கினா.

"சேச்சி, டாக்டர் சொன்னாங்கல்ல, ஒண்ணரை மணிக்கூருக்குள்ள வந்திருந்தான்னு. நான் அதையே யோசிச்சுட்டு இருக்கேன். பதினொண்ணே காலுக்குத் தின்னுருக்கு. மூணு மணி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாமலா இருந்துச்சு? பாப்பா ஒண்ணும் காட்டலையா? நீ எண்ணினதா டீச்சர் சொன்னாங்களே?"

செல்வமணி சுஜாவைப் பாக்கல. குனிஞ்சு, புடவைத் தலைப்புல ஒரு நூலைப் பிடிச்சு இழுத்துட்டே சொன்னா. "எண்ணினேன் சுஜா. ஒண்ணு குறைஞ்சுது. கீழ உருண்டு போச்சுன்னு நெனச்சேன். அது விசம்னு அப்போ எனக்குத் தெரியாது. மூணு மணிக்குப் பிரஜின் ஊட்டிவிட்டதைப் பாத்தப்போதான்..."

"விசம்னு எப்போ தெரிஞ்சுது?"

"அப்பதான். மூணு மணிக்குத்தான். அவரு ஃபோன்ல சொன்னாரு."

சுஜா என் பக்கம் திரும்பினா. சந்தேகப்பட்டுத் திரும்பல. பாவம், பிள்ளையைப் பத்தி யாராவது இன்னும் ரெண்டு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னுதான் திரும்பினா. "அப்படியா ராஜபாயம்மா? நீங்களும் அங்கதான இருந்தீங்க?"

எனக்கு நாக்குல உண்மை வந்து நின்னுது. சத்தியமா வந்து நின்னுது. ஆனா அதைச் சொன்னா அதோட கூட, 'பொறுடி, சாயங்காலம் வரைக்கும் பாப்போம்'னு சொன்னவ ஆருன்னும் சொல்லணும். இந்த வயசுல, இந்தப் பிள்ளைக்க முகத்தைப் பாத்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல.

"ஆமா மக்களே. மூணு மணிக்குத்தான்."

சுஜா தலையை ஆட்டினா. பின்ன செல்வமணிக்க தோள்ல சாஞ்சு, அவ கழுத்தைக் கட்டிக்கிட்டா. "நீ அப்பவாவது பாத்தியே சேச்சி. இல்லேனா நான் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிருப்பேன். வயித்தால போனா ஓமத்திராவகம் கொடுத்துட்டு வீட்டுலயே கிடந்திருப்பேன். செருப்புகூட இல்லாம மழையில ஓடினியாமே. ஆரு செய்வா? கூடப் பிறந்தவ செய்வாளா?"

செல்வமணி கல்லு மாதிரி இருந்தா. கட்டிக்கிட்ட கையைத் தொடவும் இல்ல, விடுவிக்கவும் இல்ல.

ஐசியு கதவு திறந்து நர்ஸ் வந்தா. ரெண்டு நாளா எங்களிட்ட சிரிச்சுப் பேசினவதான். இப்போ எங்களைப் பாக்காம சுவரைப் பாத்துச் சொன்னா. வைகாவுக்க அம்மை வரணுமாம். கூட ஒருத்தர் வரலாமாம்.

அம்மையை மட்டும் விட்ட இடத்துக்குக் கூட ஒருத்தரைக் கூப்பிட்டா அதுக்கு என்ன அர்த்தம்னு அந்த வராந்தாவில உள்ள எல்லாருக்கும் தெரியும். நேத்து வித்துரா ஊர்க்காரங்க ஒரு குடும்பத்தை அப்படித்தான் கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல பிள்ளையைத் துணியில பொதிஞ்சு கொண்டு வந்தாங்க.

சுஜா எழும்பினா. நான் பிடிக்க எழும்பினேன். அவ என் கையைத் தேடல. செல்வமணிக்க கையைப் பிடிச்சா.

"நீ வா சேச்சி. பாப்பாவுக்க அப்பன் ஊர்ல இல்ல. உன்னை அல்லாம வேற ஆரைக் கூட்டிட்டுப் போவேன்?"

"நான் வேண்டாம் சுஜா"ன்னா செல்வமணி. "நான் வேண்டாம். அக்கா வரட்டும். நான் வேண்டாம்டி."

"நீதான் வரணும்"னு சுஜா இழுத்தா. செல்வமணி என்னைப் பாத்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் செருப்பைக் கழட்டி வச்சிட்டு உள்ள போனாங்க. கதவு சாத்திச்சு.

சுப்ரியா கையில ஃப்ளாஸ்கோட மாடியேறி வந்தா. பெஞ்சில நான் மட்டும் இருக்கதைப் பாத்து, "செல்வமணி எங்கே?"ன்னு கேட்டா.

"உள்ள போயிருக்கா. சுஜா கூட்டிட்டுப் போனா."

அவளுக்கும் புரிஞ்சுது. ஃப்ளாஸ்கைக் கீழ வச்சிட்டு, சுவருல சாஞ்சு கண்ணை மூடினா. மெதுவாச் சொன்னா. "போகட்டும் ராஜபாய். சுஜாவுக்கு இந்த நேரத்துல அவளாவது கூட இருக்காளே."

"ஆமா டீச்சரே"ன்னு சொன்னேன்.

அப்போ உள்ள இருந்து அலறல் கேட்டுது. வராந்தாவே எழும்பி நின்னுது. பெத்தவ சத்தம்னு எல்லாரும் நினைச்சாங்க. அது சுஜா இல்ல. செல்வமணி.